ஊவாத் தோட்டங்களும் பழைய இசைத்தட்டுகளும்

ஒலி பிறந்த கணத்திலேயே மறையும் இயல்பினது. ஏட்டில் எழுதப்பட்ட செய்யுள் ஈராயிரம் ஆண்டு கடந்தும் இன்று கற்கப்படுகிறது. ஆயின், அதனை யாழோடு இசைத்த பாணனின் குரல் எத்தகையது என்பதை அறிய ஒரு வழியும் இல்லை. மனித வரலாற்றில் இக்குறை நீங்கியது மிக அண்மைக் காலத்திலேதான். 1877ஆம் ஆண்டிலே தோமஸ் அல்வா எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை அமைத்தார். பத்தாண்டு கழித்து, 1887இலே, எமில் பேர்லினர் என்பார் தட்டையான வட்டத்தட்டில் ஒலியைப் பதியும் கிராமபோனுக்கு உரிமை பெற்றார். அந்தத் தட்டு உலகைச் சுற்றி வந்தது. காலப்போக்கில் ஊவா மலைகளையும் வந்தடைந்தது.

பதுளை நகரிலும், அதனைச் சூழ்ந்த பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை முதலிய பகுதிகளின் தோட்டங்களிலும், பழைய வீடுகளின் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் இத்தட்டுகள் இன்றும் அங்குமிங்கும் கிடக்கின்றன. இவற்றை எண்ணிம வடிவுக்கு, அதாவது டிஜிட்டல் என்று பலரும் வழங்கும் வடிவுக்கு, மாற்றிப் பேணுவது எவ்வாறு, அவ்வாறு பேணும்போது எதனைப் பேணுகிறோம் என்று தெளிந்திருத்தல் வேண்டும் என்பனவே இங்கு ஆராயப்படுவன.

முதலில், தட்டு வந்த வழியைச் சிறிது நோக்குவோம். 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே பிரெட் கெயிஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் முகாமிட்டு, கௌகர் ஜான் முதலான இந்தியப் பாடகர்களின் குரலைப் பதிந்தார். பதிந்த மூலத்தகடுகள் ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்குக் கப்பலேறின. தட்டுகள் அங்கேதான் அச்சாயின. அக்காலத்துத் தட்டுகள் சிலவற்றில், பாட்டின் முடிவிலே பாடியவரே தம் பெயரை உரக்கக் கூறுவதைக் கேட்கலாம். மொழி தெரியாத அயல்நாட்டுத் தொழிலாளி எந்தத் தகடு யாருடையது என்று மயங்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. குரலும் குரலுக்குரியவரின் பெயரும் பிரியலாகாது என்பதை அத்தொழில் தன் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. இந்தச் செய்தியை நினைவில் நிறுத்திக்கொள்வது நன்று; பின்னர் அது பயன்படும்.

1908இலே கல்கத்தாவின் சியால்தாவிலும், 1928இலே டம்டம்மிலும் தட்டு அச்சிடும் ஆலைகள் எழுந்தன. சென்னையிலே ஏ. வி. மெய்யப்பனும் அவர்தம் கூட்டாளிகளும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930களில் ஓடியன் தட்டுகளைத் தமிழகமெங்கும் பரப்பிற்று. கொலம்பியாத் தட்டுகளும், குழாய் முன் அமர்ந்து செவிசாய்க்கும் நாயின் படம் பொறித்த எச். எம். வி. தட்டுகளும் தமிழர் வாழும் நாடுகளுக்கெல்லாம் சென்றன. நாயின் படத்தைக் கொண்டே பலர் அத்தட்டை அடையாளம் கண்டனர்.

ஊவாவைப் பொறுத்தவரை ஓர் ஆண்டு முக்கியமானது. 1894இலே பண்டாரவளை வரை வந்து நின்ற புகையிரதப் பாதை, தெமோதரையின் வளையத்தையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து, 1924ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே பதுளையை அடைந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கிய அதே பாதையிலே நகரத்துச் சரக்குகள் மலைக்கு ஏறின. கையால் சுற்றி முடுக்கும் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. மின்விளக்கு எட்டிப்பாராத தோட்டங்களுக்கு அது பொருத்தமான கருவியாயிற்று. எனினும் அது எளியவரின் கைக்கு எட்டிய பொருளன்று. பெரிய கங்காணியின் வீட்டிலோ, கணக்கப்பிள்ளையின் வீட்டிலோ, பதுளைக் கடைவீதி வணிகரின் இல்லத்திலோதான் அதனைக் காணலாயிற்று. லயத்து மக்கள் அதனைக் கேட்டது பிறர் வீட்டு முற்றத்திலே. பின்னர் ஒலிபெருக்கி வந்தபோது, திருமண வீட்டுப் பந்தலிலும் மாரியம்மன் கோயில் திருவிழாவிலும் அதே தட்டுகள் மலைமுழுதும் கேட்க முழங்கின.

அத்தட்டுகளிலே இருந்தவை யாவை? நாடக மேடைப் பாடல்கள் இருந்தன. 1920களில் இலங்கை மேடைகளில் நடித்துப் புகழ்கொண்ட கே. பி. சுந்தராம்பாள், எஸ். ஜி. கிட்டப்பா ஆகியோரின் குரல்கள் இருந்தன. கிட்டப்பா 1933இலே இளம் வயதில் மறைந்தார். அவர் பாடிய குரலை இன்று தட்டிலேதான் கேட்க முடியும். பக்திப் பாடல்களும், நாகூர் ஈ. எம். ஹனிபாவின் இசுலாமியப் பாடல்களும், திரைப்படப் பாடல்களும் இருந்தன. முழு நாடகத்தையே பல தட்டுகளில் அடக்கிய தொகுதிகளும் விற்பனையாயின. 'நாடக செட்' என்று மக்கள் அவற்றை வழங்கினர். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். ஆதலின் ஒரு நாடகத்துக்குப் பல தட்டுகள் வேண்டியிருந்தன. ஒன்று உடைந்தால் கதையின் நடுவே ஒரு காட்சி மறைந்துவிடும்.

தட்டின் பொருளையும் அறிதல் அவசியம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு பெரும்பாலும் அவலரக்கினால் ஆனது. மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் அரக்கே அது. அதனோடு கற்பொடியையும் கரியையும் சேர்த்து அச்சிடுவர். பாண்டவரை எரிப்பதற்கெனக் கட்டிய அரக்கு மாளிகையின் கதையை அருச்சுனன் தபசு ஆடும் மலையக மக்கள் நன்கு அறிவர். அரக்கின் குணம் அதுவே. சூட்டுக்கு இளகும், தட்டினால் நொறுங்கும், மதுசாரம் பட்டால் கரையும். 1948இலே அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுழலும் அத்தட்டு ஒரு பக்கத்திலே இருபது நிமிடத்துக்கு மேல் ஓடிற்று. அடுத்த ஆண்டிலே 45 சுற்றுச் சிறுதட்டு வந்தது. 1965இலே வெளிவந்த திருவிளையாடல் திரைப்படத்தின் வசனம் தமிழர் இல்லங்களில் ஒலித்தது இத்தகைய நெடுந்தட்டின் வழியாகவே. ஆக, ஒரே பெட்டியில் இருவகைத் தட்டும் கலந்திருக்கலாம். ஒன்றுக்குச் செய்யும் பணிவிடை மற்றதற்குக் கேடாக முடியலாம்.

இங்கே ஒரு வினா எழும். பழைய பாடல்கள் அனைத்தும் இக்காலத்திலே கைத்தொலைபேசியில் தேடினால் கிடைக்கின்றனவே, தேய்ந்துபோன தட்டை வைத்துக்கொண்டு பாடுபடுவானேன் என்று இளைஞர் வினவுவர். நியாயமான வினாவே. அதற்கு விடை இரண்டு உண்டு.

முதலாவது, எல்லாம் கிடைக்கின்றன என்பது மெய்யன்று. புகழ்பெற்ற திரைப்பாடல்கள் கிடைக்கின்றன. பெயர் மறக்கப்பட்ட நாடக நடிகரின் பாட்டும், நகைச்சுவை உரையாடலும், சிறு நிறுவனங்கள் வெளியிட்ட தட்டுகளும் பலவாறு அழிந்தன. எந்தத் தட்டு எஞ்சியுள்ள ஒரே பிரதி என்பது, அதனைப் பட்டியலிட்டு ஒப்புநோக்கும்வரை எவருக்கும் தெரியாது.

இரண்டாவது விடையே ஊவாவுக்குச் சிறப்பாக உரியது. தோட்டத்திலே கிடக்கும் ஓர் இசைத்தட்டு ஓர் ஆவணமன்று, இரண்டு ஆவணம். சென்னையிலே பாடப்பட்ட பாட்டு ஒன்று. அப்பாட்டு மலையிலே கேட்கப்பட்ட வரலாறு மற்றொன்று. பாட்டு சென்னைக்கு உரியது. கேட்ட வரலாறு தோட்டத்துக்கே உரியது. தட்டின் காகித உறையிலே பதுளைக் கடையொன்றின் முத்திரை இருக்கலாம். வாங்கியவரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மையினால் எழுதப்பட்டிருக்கலாம். இன்னாரின் திருமணத்துக்கு வாங்கியது என்ற குறிப்பும் இருக்கலாம். அவை வேறெங்கும் கிடையா.

அதனினும் நுட்பமானது தேய்மானம். பழைய கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு இரும்பு ஊசியைத் தட்டின்மேல் அழுத்தும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய ஊசி மாற்றுதல் முறை. ஊசி வாங்கப் பணமில்லாதோர் ஒரே ஊசியைப் பலமுறை பயன்படுத்துவர். அடிக்கடி ஓடிய பக்கத்தின் கருநிறம் மங்கிச் சாம்பல் பூத்துவிடும். இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அவ்வீட்டார் எந்தப் பாட்டை விரும்பினர், எதனைத் தொடாதே விட்டனர் என்பது கண்ணுக்குத் தெரியும். தோட்டத்து மக்களின் சம்பளமும் வேலைநாளும் கணக்கேட்டிலே பதிந்துள்ளன. அவர்களது விருப்பம் எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை. தேய்ந்த தட்டு அதனைப் பதிந்து வைத்திருக்கிறது. இணையத்திலே கிடைக்கும் துப்புரவான பிரதி பாட்டைத் தரும். இந்தச் சான்றைத் தராது.

இச்சான்று அழியும் வேகத்தை நினைத்தால் கவலை மிகும். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்வர் என்றும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவர் என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும் என்றும் வகுத்தது. 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அந்த எஞ்சியோரையும் இரு பாதியாகப் பங்கிட்டது. மலைப் புகையிரதத்தில் இறங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் கரைசேர்ந்த குடும்பங்கள் பல. அவற்றுள் ஒரு பகுதியினர் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலைத் தோட்டங்களிலேயே வாழ்வைத் தொடங்கினர். அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகப் பிரிந்த வீடுகளில் பொருள்களும் பிரிந்தன. பாரமும் நொறுங்கும் தன்மையும் கொண்ட இசைத்தட்டு பயணத்துக்கு ஏற்ற பொருளன்று. விற்கப்பட்டவை சில, கொடுக்கப்பட்டவை சில, பெட்டிக்குள் உடைந்தவை சில. ஒரு நாடக செட்டின் முற்பாதி நமுனுகுலையிலும் பிற்பாதி கோத்தகிரியிலும் கிடந்தால் அதில் வியப்பில்லை. தட்டு ஓரிடத்தில்தான் இருக்க முடியும். எண்ணிமப் பிரதியோ ஒரே வேளையில் ஈரிடத்தில் இருக்கும். கடலால் பிரிந்த பாதிகள் மீண்டும் சேர்வதற்கு அதுவே வழி.

இயற்கையின் கேட்டையும் கருத வேண்டும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையிலே, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து டித்வா சூறாவளியிலும் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. உயிர்களின் இழப்புக்கு முன்னே பொருளின் இழப்பைப் பேசுதல் தகாது. எனினும், உயிர் தப்பியவர்களுக்கும் ஒரு நிழற்படமோ, தந்தையார் வைத்திருந்த ஒரு தட்டோ எஞ்சாமற் போதல் இரண்டாவது துயரமாகும். அத்தகைய மண்ணிலே ஒரே பிரதியாக இருப்பது எதுவாயினும் பாதுகாப்பற்றதே.

இனி, செய்யும் முறைக்கு வருவோம். பழைய தட்டொன்று கையில் கிடைத்தவுடன் பலரும் செய்யும் செயல், பரணில் கிடக்கும் கிராமபோனைத் துடைத்து, தட்டை வைத்து, துருப்பிடித்த ஊசியோடு ஓடவிட்டு, அருகே கைத்தொலைபேசியைப் பிடிப்பது. இதனைத் தவிர்த்தல் வேண்டும். அந்தப் பாரமான ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் வரியைச் செதுக்கிவிடும். நலிந்த தட்டுக்கு அந்த ஒரு முறையே கடைசி முறையாகவும் ஆகலாம்.

முதற்பணி துப்புரவு. ஊவாவுக்குக் கச்சான் காற்று ஒரு கொடை. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையின் மேற்குப் புறத்தில் பொழிந்துவிட்டு வறண்ட காற்றாய் ஊவாவில் இறங்கும் யூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களிலேதான் ஊவாத் தேயிலை தன் புகழ்பெற்ற மணத்தைப் பெறுகிறது. ஈரமும் பூஞ்சணமும் குறைந்த அக்காலமே தட்டுகளை வெளியே எடுத்துத் துப்புரவு செய்வதற்கும் உகந்தது. ஆயினும் வெயிலில் காயவிடுதல் ஆகாது; தட்டு வளைந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசை அகற்றி, வடித்த நீரிலே சில துளி மென்சவர்க்காரம் கலந்து, வரியின் போக்கிலேயே துடைத்து, மீண்டும் வடித்த நீரால் கழுவி, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். நடுவிலுள்ள காகிதச் சிட்டையில் நீர் படலாகாது. அவலரக்குத் தட்டின்மேல் மதுசாரம் கலந்த எத்திரவத்தையும் எக்காரணத்தாலும் பயன்படுத்தலாகாது, தட்டே கரைந்துவிடும்.

அடுத்தது ஊசி. 78 சுற்றுத் தட்டின் வரி அகன்றது. நெடுந்தட்டின் வரி மிக நுண்ணியது. முன்னதற்குரிய ஊசிமுனை பின்னதற்குரியதைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு தடித்தது. நெடுந்தட்டு ஊசியை 78 சுற்றுத் தட்டில் வைத்தால், அது வரியின் அடியிலுள்ள குப்பையிலே உழன்று இரைச்சலையே தரும். தடித்த ஊசியை நெடுந்தட்டில் வைத்தாலோ வரி சிதையும். இருவகை ஊசியும் மாற்றக்கூடிய, சில கிராம் பாரமே அழுத்தும் தற்காலச் சுழலியந்திரம் ஒன்று போதும். அதனைக் கணினியோடு இணைத்துவிடலாம். ஒலியைப் பதிவதற்கு ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருள் உண்டு.

மூன்றாவது வேகம். 78 என்பது பொதுவான பெயரே. முற்காலத் தட்டுகள் சில அதனினும் குறைந்தோ கூடியோ சுழலுமாறு பதியப்பட்டன. வேகம் மாறினால் சுருதி மாறும். சுருதி மாறினால் பாடகரின் குரலே மாறும். ஆர்மோனியம் பழகிய ஒருவரை அருகே இருத்தி, சுருதி எந்தக் கட்டைக்குப் பொருந்துகிறது என ஒத்துப் பார்ப்பது நல்ல முறை. ஆர்மோனியத்தின் சுரம் கட்டைக்குக் கட்டை நிலையானது. நாடகப் பாடல்களில் அந்த ஆர்மோனியமே பக்கவாத்தியமாக ஒலிப்பதும் உண்டு.

நான்காவது பதிவின் தரம். எண்ணிம முறையின் தத்துவத்தைப் புள்ளிக் கோலத்தால் விளக்கலாம். ஓர் அலையை அதன்மேல் இட்ட புள்ளிகளால் குறிப்பதே அது. புள்ளி நெருங்க நெருங்க நுண்ணிய வளைவும் பிடிபடும். ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் 1969 முதல் இயங்கி வருகிறது. ஒரு செக்கனுக்கு 48,000 புள்ளிக்குக் குறையாமலும், கூடுமாயின் 96,000 புள்ளியாகவும், ஒவ்வொரு புள்ளியும் 24 பிற்று அளவினதாகவும், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிதல் வேண்டும் என்பது அதன் பரிந்துரை. உயர்ந்த அளவில் பதிந்தால் மூன்று நிமிடப் பக்கம் ஒன்று ஏறத்தாழ 104 மெகாபைற்று இடம் கொள்ளும். நூறு தட்டுகளின் இருநூறு பக்கங்களுக்கும் ஏறத்தாழ 21 கிகாபைற்றுப் போதும். மாணவர் சட்டைப்பையில் கொண்டு திரியும் 32 கிகாபைற்றுச் சிறுகருவியிலே ஒரு கங்காணி வீட்டின் முழு இசைச் செல்வமும் அடங்கிவிடும்.

எம்பி3 என்னும் சுருக்கிய வடிவில் அதே பாட்டு மூன்று மெகாபைற்றுக்குள் நிற்கும். செவி கவனியாது என்று கருதப்படும் ஒலிக்கூறுகளை நீக்கியே அச்சுருக்கம் நிகழ்கிறது. நீக்கியதை மீட்க முடியாது. ஆதலின் அவ்வடிவு கேட்பதற்கும் அனுப்புவதற்கும் உரியது, பேணுவதற்கு உரியதன்று. இரைச்சலை நீக்குவதும் இவ்வாறே. தட்டில் உள்ளதை உள்ளவாறே, கரகரப்போடும் கீறலோடும், மூலப்பிரதியாக வைத்தல் வேண்டும். துப்புரவு செய்வதைத் தனிப் பிரதியிலே செய்துகொள்ளலாம். நாளை வரும் கருவி இன்றைய கருவியினும் திறமையுடையதாக இருக்கும். அதற்கு வேண்டியது கலப்பில்லாத மூலமே.

உடைந்த துண்டுகளையும் எறிந்துவிடுதல் ஆகாது. அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்து அறிஞர்கள், தட்டை ஊசியால் தொடாமலே, வரிகளை நுண்படம் பிடித்து அப்படத்திலிருந்து ஒலியை மீட்கும் முறையை வகுத்தனர். 1860ஆம் ஆண்டிலே பிரான்சிலே புகைக்கரி பூசிய காகிதத்தில் கோடாக மட்டும் வரையப்பட்ட ஒரு பாட்டினை 2008இலே ஒலிக்கச் செய்ததும் அத்தகைய முயற்சியே. ஒன்றரை நூற்றாண்டு ஊமையாயிருந்த கோடு பேசியது. உடைந்த தட்டும் ஒருநாள் பேசக்கூடும்.

இவ்வளவும் ஒலியைப் பற்றியவை. பணியின் மறுபாதியோ எழுத்திலே உள்ளது. ஹனோவருக்கு அனுப்பிய தகட்டில் பாடகர் தம் பெயரைச் சொல்லி வைத்ததன் காரணத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பெயரற்ற கோப்பு நூறு சேர்ந்தால், அது பெற்றோரைத் தவறவிட்ட குழந்தைகளின் கூட்டம் போன்றது. ஒவ்வொரு தட்டுக்கும் நிறுவனத்தின் பெயர், சிட்டையிலுள்ள எண், சிட்டையருகே தட்டிலேயே பொறித்துள்ள சிற்றெண், பாட்டின் முதலடி, பாடியவர், பக்கவாத்தியம் ஆகியவற்றை எழுத வேண்டும். இரு பக்கச் சிட்டையையும் உறையின் முன்பின் பக்கங்களையும் நிழற்படமெடுக்க வேண்டும். தேய்மானம் தெரியுமாறு சாய்ந்த ஒளியிலே ஒரு படமும் வேண்டும். எவர் வீட்டுத் தட்டு, எந்தத் தோட்டம், எவ்வாறு வந்தது, எங்கே ஒலித்தது என்பனவும் எழுதப்படல் வேண்டும்.

இக்கடைசி வினாக்களுக்கு விடை சிட்டையில் இராது. முதியோரின் நெஞ்சிலேதான் இருக்கும். தட்டு ஒலிக்கும்போது வீட்டு முதியவரை அருகே அமர்த்துதல் வேண்டும். பாட்டின் இரண்டாம் அடி வருமுன்னரே அவருக்குப் பல நினைவு வரும். யார் வீட்டுத் திருமணம், எந்த ஆண்டுத் திருவிழா, யார் கப்பலேறிய ஆண்டு என்று அவர் சொல்லத் தொடங்குவார். அவர் சொல்வதையும் அதே கணினியிலே, தனிக் கோப்பாகப் பதிந்து, தட்டின் எண்ணோடு இணைத்துவிட வேண்டும். தட்டுக்காவது இன்னும் ஐம்பது ஆண்டு ஆயுள் இருக்கலாம். இந்தச் சாட்சிக்கு அவ்வளவு காலம் இல்லை.

இங்கே ஓர் உண்மையையும் கூறுதல் வேண்டும். தோட்டத்து மக்களின் சொந்தப் பாட்டைக் கிராமபோன் நிறுவனங்கள் தேடி வந்து பதியவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்களின் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்தின் பாட்டு, தப்பின் அடி ஆகியன அந்தக் கருந்தட்டுகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிச் சிறுநூலாக அச்சிட்டுப் பரப்பினார். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். சொற்கள் அவ்வாறு பிழைத்தன. இசை பிழைத்ததா என்பது இன்றும் பாடத் தெரிந்தவர்களைப் பொறுத்தது. தட்டைப் பதிய வந்த கருவி, தட்டில் இல்லாத அந்தப் பாட்டையும் பதியலாம். பழைய பாட்டைக் கேட்டு நெகிழ்ந்த மூதாட்டி, தம் தாயார் பாடிய தாலாட்டைத் தாமே பாட முன்வருதல் இயல்பு.

பதிந்தவற்றைக் காத்தல் இறுதிப் பணி. எண்ணிமப் பிரதி அழியாதது என்று எண்ணுதல் பெரும் பிழை. அவலரக்குத் தட்டு நூறாண்டு தாங்கிற்று. கணினியின் வன்தட்டோ சில ஆண்டுகளிலேயே பழுதடையக்கூடும். அது பழுதடையும்போது கரகரப்பு என்ற முன்னறிவிப்பும் இன்றி எல்லாம் ஒரேயடியாய்ப் போகும். எனவே மூன்று பிரதி வேண்டும். அவை இருவகைச் சாதனத்தில் இருத்தல் வேண்டும். ஒன்றாவது வேற்றூரில் இருத்தல் வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மலையில் இக்கடைசி விதி இன்றியமையாதது. ஆண்டுக்கொருமுறை திறந்து பார்த்து, சில ஆண்டுக்கொருமுறை புதிய சாதனத்துக்கு மாற்றவும் வேண்டும். மூலத்தட்டை நிமிர்த்தி நிறுத்தி, அமிலமற்ற உறையிட்டு, அடுப்படிக்கும் சன்னலுக்கும் தொலைவில் வைத்தல் நலம். பிரதி எடுத்தாயிற்று என்று தட்டை எறிதல், படம் எடுத்தாயிற்று என்று கோயிலை இடிப்பதற்கு ஒப்பாகும்.

வேற்றூர்ப் பிரதியை ஏற்கும் நிறுவனங்களும் உண்டு. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. ஒலி, ஒளிப் பதிவுகளையும் பேணுகிறது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழந்தமிழ் அச்சு நூல்களோடு பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் காத்து வருகிறது. இந்தியாவின் 'யங் இந்தியா' என்னும் நிறுவனத்துத் தட்டுகள், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டத்தின் உதவியோடு தனிப்பட்ட சேகரிப்பாளர்களிடமிருந்து திரட்டி எண்ணிமப்படுத்தப்பட்டன. வீடுகளில் சிதறிய தட்டுகளைக் கொண்டே ஒரு காப்பகத்தை எழுப்பலாம் என்பதற்கு அது சான்று.

உரிமைச் சட்டத்தையும் மறத்தலாகாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒலிப்பதிவு உரிமை ஐம்பது ஆண்டும், பாட்டை இயற்றியவரின் பொருளியல் உரிமை அவர் மறைவுக்குப்பின் எழுபது ஆண்டும் நிலைக்கும். ஒரு தட்டின் ஒலிப்பதிவு உரிமை முடிந்திருப்பினும் பாட்டின் உரிமை எஞ்சியிருக்கலாம். ஆகவே பேணுதல் வேறு, வெளியிடுதல் வேறு என்று கொள்ளுதல் அறிவுடைமை. முதியோரின் குரற்பதிவை வெளியிடுவதற்கும் அவர்தம் இசைவு வேண்டும்.

1920களில் எட்வர்ட் ஹாப்பர் கொழும்பிலே முதன்முதல் வானொலிச் சோதனை நடத்தியபோது, காற்றிலே அனுப்பப்பட்டது கிராமபோன் இசையே. இலங்கை வானொலியும் இசைத்தட்டும் ஒன்றாகவே வளர்ந்தன. வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியம் கொழும்பிலே உள்ளது. தோட்டங்களின் களஞ்சியத்துக்குக் கட்டடம் இல்லை; அது வீடுவீடாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு பாடசாலையின் தமிழ் மன்றமோ, ஒரு கோயிற் சபையோ, ஒரு வாசிகசாலையோ முன்வந்து, ஒரு தோட்டத்தின் தட்டுகளை முதலில் எண்ணிப் பட்டியலிட்டாலே பெரிய தொடக்கமாகும். பட்டியலுக்கு இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் எழுதுகோலும் போதும். அடுத்த கச்சான் காலம் வருமுன் அந்தப் பட்டியல் ஆயத்தமாயின், காற்று வறண்ட நாளிலே பெட்டிகளைத் திறக்கலாம்.